ஜெயனிக்கென்று வாங்கியது

தாழ்வுபாட்டிலிருந்து மன்னார் நகருக்குப் போகும் காலை பஸ்ஸில் ஜெயனிக்கு இருக்கை கிடைப்பது அபூர்வம். மீன்கூடைகளோடு ஏறும் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கந்தோர்களுக்குப் போகிறவர்கள் என்று கோயிலடித் தரிப்பிலேயே பஸ் நிரம்பிவிடும். ஒரு கையால் மேலே உள்ள கம்பியைப் பிடித்து, மற்றக் கையால் தோள்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் அவள் நிற்பாள். பைக்குள் ஒரு மடிக்கணினி, கட்டாகச் சில கடிதங்கள், ஓரம் தேய்ந்த சிங்கள அகராதி, ஒரு தண்ணீர்ப் போத்தல்.

ஜெயனி மொழிபெயர்ப்பாளர். கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதங்களை வாசித்து, வந்திருப்பது என்ன என்று தமிழில் விளங்கப்படுத்தி, பதிலைச் சிங்களத்தில் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. செவ்வாய்க்கிழமை பேசாலை, வியாழன் தலைமன்னார், வெள்ளி பெருநிலப்பரப்பில் திருக்கேதீஸ்வரத்துக்கு அப்பால் உள்ள ஒரு வயற்கிராமம் என்று நாள் பிரித்து வைத்திருந்தாள். கடிதத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாத சனங்கள், அவள் வரும் நாளைக் கேட்டறிந்து காத்திருப்பார்கள்.

அவளுடைய பழைய மடிக்கணினி ஏழு வருடம் உழைத்தது. மாசி மாதத்தில் ஒரு நாள் பஸ் நெரிசலில் அதன் மூடி கழன்றுபோயிற்று. அன்று பின்னேரம் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவன் அலெக்ஸாண்டரிடம் வந்து சொன்னாள்.

"இஞ்சருங்கோ, இது இனிச் சரிவராது. புதுசு ஒண்டு வேணும். பெரிசு வேண்டாம். சின்னதா, பாரமில்லாததா, பற்றரி கனநேரம் நிக்கிற மாதிரி ஒண்டு இருந்தாக் காணும்."

"ம்," என்றான் அலெக்ஸாண்டர். அவனுடைய கைத்தொலைபேசி காதுக்கும் தோளுக்கும் இடையில் செருகியிருந்தது. கனடாவிலிருந்து தம்பி றொஷான் பேசிக்கொண்டிருந்தான். ஜெயனி சொன்னதில் 'புதுசு ஒண்டு வேணும்' என்பது மட்டும்தான் அவன் மனதில் விழுந்தது.

அலெக்ஸாண்டர் கெட்ட மனிதன் அல்ல. கடலுக்குப் போகாத நாட்களில் அவளுக்கு முதல் எழும்பித் தேத்தண்ணி வைப்பவன். மனைவி சிங்களம் படித்துச் சோதனை பாஸ் பண்ணியதைக் கரையில் நாலு பேருக்குச் சொல்லிப் பெருமைப்படுகிறவன். அவளுக்கு ஒரு நல்ல மடிக்கணினி வாங்கிக் கொடுத்து அவளை மலைக்க வைக்கவேண்டும் என்று அன்றே முடிவெடுத்துவிட்டான். அந்த வருடம் நண்டு நன்றாகப் பட்டிருந்தது. தம்பியிடம் கேட்டான். "பெரிய ஸ்கிரீன் உள்ளதா எடுங்கோ அண்ணை, கேம் விளையாடுற பெடியள் வச்சிருக்கிற மாதிரி. அதுதான் பவர்," என்றான் றொஷான். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் கேட்டான். ஐஸ் கொம்பனியில் கணக்கு எழுதுகிறவரிடம் கேட்டான். ஊரில் ஆறேழு பேரிடம் கேட்டான். அதைப் பாவிக்கப் போகிறவளிடம் மட்டும் கேட்கவில்லை.

மன்னார் நகரில் கணினிக் கடை வைத்திருக்கும் அகிலன் முதலில் சரியான கேள்வியைத்தான் கேட்டான்.

"என்ன வேலைக்கு அண்ணை?"

"என்ர மனுசிக்கு. கடிதம் அடிக்கிறவ."

"அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?"

"அவவுக்கு இதைப்பற்றி என்ன தெரியும் தம்பி? நீர் நல்லதாப் பாத்துத் தாரும். இருக்கிறதுக்குள்ள பெரிசு எது?"

அகிலனும் வியாபாரிதானே. கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில் இருந்ததை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தான். விசைப்பலகையின் கீழே சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் ஓடியது. அலெக்ஸாண்டருக்கு அதற்கு மேல் ஒன்றும் பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தான். பதின்மூன்று வயது மகள் மதுஷிகா வெளிச்சத்தைப் பார்த்துத் துள்ளினாள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டார்கள். அலெக்ஸாண்டர் மூடியில் பட்ட கைரேகையைத் தன் சட்டையின் விளிம்பால் துடைத்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

ஜெயனி அதைத் தூக்கினாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. சார்ஜரே செங்கல்லுக்கு அரைவாசி இருந்தது. பஸ்ஸும், மேல்கம்பியும், தலைமன்னாரில் இறங்கி நடக்கவேண்டிய மணல் வழியும் அவள் கண்ணுக்குள் வந்து போயின. பிறகு, வலைக்கயிறு அறுத்து வெடித்திருந்த கணவனின் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

"நல்ல வடிவாயிருக்கு," என்று சிரித்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் சுமக்கத் தொடங்கினாள். பழைய பைக்குள் அது போகவில்லை. மதுஷிகாவின் பெரிய புத்தகப் பையை எடுத்தாள். பேசாலையில் அவளுக்கு ஒதுக்கிய சின்ன மேசையில் அதை வைத்தால் கடிதத்தை விரிக்க இடமில்லை. மடியில் வைத்து வாசித்துக்கொண்டு அடித்தாள். பற்றரி ஒன்றரை மணித்தியாலம் நின்றால் பெரிய காரியம். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாகச் சுவரில் பிளக் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. பிளக் இருக்கும் மூலையில் வெளிச்சம் இருக்காது. வெளிச்சம் உள்ள இடத்தில் திரை கண்ணாடி மாதிரி அவள் முகத்தையே காட்டியது.

இரண்டாவது மாதம் தலைமன்னார் வியாழக்கிழமையை நிறுத்திவிட்டாள். பஸ்ஸால் இறங்கி மணலில் அவ்வளவு தூரம் அந்தப் பாரத்தோடு நடக்க முடியவில்லை.

"ஏன் இப்ப வியாழனுக்குப் போறேல்லை?" என்று அலெக்ஸாண்டர் கேட்டான்.

"கொஞ்சம் அலுப்பாக் கிடக்கு."

"அப்ப ஆறுதலா இரன்," என்றான் அன்போடு. அதற்கு மேல் கேட்கவில்லை.

பின்னேரங்களில் மதுஷிகா தாயின் வலது தோளுக்குத் தைலம் பூசிவிட்டாள். பை வார் அழுத்திய இடம் கன்றிச் சிவந்திருந்தது.

"அம்மா, அப்பாட்டைச் சொல்லுங்கோவன்."

"அப்பா ஆசையா வாங்கித் தந்தவர். குறை சொன்னா மனம் நோகும் பிள்ளை."

"இப்ப உங்களுக்குத் தோள் நோகுதே?"

ஜெயனி தைலப் போத்தலை மூடினாள்.

ஆனி மாதம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பியது. தென்கரை அலை ஆள் உயரத்துக்கு வந்து விழ, படகுகளையெல்லாம் மணலில் ஏற்றி வைத்தார்கள். கடலில்லாத ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிபோல அலெக்ஸாண்டர் மோட்டார் சைக்கிளைத் துடைத்தபடி சொன்னான்:

"இண்டைக்கு நான் கொண்டுபோய் விடுறன். சும்மாதானே நிக்கிறன்."

ஜெயனி பின்னால் இருந்தாள். பையை அவன் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். மன்னார்ப் பாலத்தில் ஏறியபோது பக்கவாட்டில் அடித்த காற்று அந்தப் பெரிய பையைப் பிடித்து இழுத்தது. பாலம் கடந்ததும் பையை வலது தோளிலிருந்து இடதுக்கு மாற்றினான். திருக்கேதீஸ்வரச் சந்தி தாண்டி, வயல் வழியாகப் போன கிறவல் பாதையில் மறுபடி வலதுக்கு மாற்றினான். அலையில் வலை இழுக்கிற தோள் அது. ஒரு பிரயாணத்திலேயே வார் அழுத்திய இடம் எரிந்தது.

சனசமூக நிலையத்தின் வாசலில் இறங்கியதும் பையைக் கழற்றிக் கையில் நிறுத்துப் பார்த்தான்.

"இதையே நீ பஸ்ஸில நிண்டுகொண்டு கொண்டுவாறனி?"

"பழகிப் போச்சு," என்றாள் ஜெயனி. உள்ளே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அவள் போய்விட்டாள்.

கொண்டுவந்து விட்டதும் திரும்பிவிடலாம் என்றுதான் அலெக்ஸாண்டர் வந்தான். ஏனோ போக மனம் வரவில்லை. பின்சுவரோரம் கிடந்த கதிரையில் இருந்தான். கலியாணம் கட்டிப் பதினைந்து வருடம். அவள் வேலை செய்வதை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்று காலையிலிருந்தே அந்தப் பகுதியில் கறண்ட் இல்லை. மின்கம்பி திருத்துகிறார்களாம், பின்னேரம்தான் வரும் என்றார்கள். முதலில் வந்த இரண்டு பேருடைய கடிதங்களை ஜெயனி முடித்தபோது பற்றரி அரைவாசிக்குக் கீழே இறங்கியிருந்தது. மூன்றாவதாக வந்தவர் சிவலட்சுமி என்ற பெண். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சொந்த வயலைத் தானே பார்க்கிற கை, முறுகிக் கறுத்திருந்தது. பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"பிள்ளை, இது வந்து ரெண்டு கிழமை. என்ர மனுசன்ர பென்சன் சரிவந்திட்டுது எண்டு வந்த கடிதம்போல. சாமிப் படத்துக்கு முன்னால வச்சிருந்தனான்."

ஜெயனி வாசித்தாள். அவள் முகம் மாறியதைப் பின்னாலிருந்த அலெக்ஸாண்டரே கண்டான்.

"அக்கா, இது சரிவந்த கடிதமில்லை," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "அண்ணையின்ர பேர் வேலைப் பதிவில நடராசா எண்டு இருக்குதாம். மரணப் பத்திரத்தில நடராஜா எண்டு இருக்குதாம். ஒரு எழுத்து வித்தியாசம். ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு விளக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கினம். அனுப்பாட்டில் பென்சன் பைலை மூடிப்போடுவினமாம்."

"எப்பக்கிடையில அனுப்பவேணும்?"

"இண்டைக்குத்தான் கடைசித் திகதி. இண்டைய முத்திரையோட பதிவுத் தபாலில போகவேணும்."

சிவலட்சுமி பக்கத்தில் இருந்த வாங்கில் சரிந்து இருந்துவிட்டார். "முப்பது வருசம் தார் றோட்டில வெந்த மனுசன்," என்று மட்டும் சொன்னார்.

"பயப்படாதேங்கோ அக்கா. நேரம் இருக்கு."

ஜெயனி அடிக்கத் தொடங்கினாள். இரண்டு பெயரும் எப்படி வந்தன, எந்தப் பத்திரத்தில் எது இருக்கிறது, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்று பந்தி பந்தியாக எழுதினாள். ஒவ்வொரு பந்தியையும் தமிழில் சொல்லிக் காட்டினாள். சிவலட்சுமி தலையசைத்தார். மூன்றாம் பக்கத்தின் நடுவில் அந்தச் சிவப்பும் நீலமுமான வெளிச்சம் ஒருமுறை விட்டு எரிந்தது. திரை கறுத்துப்போயிற்று.

அந்த இருட்டுத் திரையையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுதியதெல்லாம் உள்ளே இருந்தது. எடுக்க வழியில்லை. மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

ஜெயனி அந்தப் பெரிய மடிக்கணினியை மூடி நிலத்தில் வைத்தாள். வெள்ளைத்தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கையால் எழுதத் தொடங்கினாள். வட்டம் வட்டமான சிங்கள எழுத்துகள் வரிசையாக வந்தன. அலெக்ஸாண்டருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் எழுதும்போது அவள் அடிக்கடி வலது தோளை மேலே உயர்த்திக் கழுத்தைச் சரிப்பதைக் கண்டான். வீட்டிலும் அதைக் கண்டிருக்கிறான். அவளுடைய பழக்கம் என்று நினைத்திருந்தான். தன் தோளில் இன்னும் எரிந்துகொண்டிருந்த இடத்தைத் தடவினான்.

மூன்றே கால் மணிக்குக் கடிதம் முடிந்தது. சிவலட்சுமி கையெழுத்து வைத்தார். பத்திரங்களின் பிரதிகளைச் சேர்த்து உறையில் போட்டு ஒட்டியதும் அலெக்ஸாண்டர் எழும்பி வந்து கையை நீட்டினான்.

"இஞ்ச தா. நான் கொண்டுபோறன்."

கிறவல் பாதையிலும் பாலத்திலும் அவன் அன்று மோட்டார் சைக்கிளை ஓட்டியதைப்போல ஒருநாளும் ஓட்டியதில்லை. மன்னார்த் தபாற்கந்தோரில் வரிசை இருந்தது. "இண்டைய முத்திரை விழவேணும் அம்மா," என்று கரும்பீடத்திலிருந்த பெண்ணிடம் இரண்டு தரம் சொன்னான். முத்திரை விழுந்த பற்றுச்சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான். அதை வாங்கிய சிவலட்சுமி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். ஜெயனியின் கையைப் பிடித்துச் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, வயல் வரம்பால் நடந்து போனார்.

நிலையத்தில் இருவரும் மட்டும் மிஞ்சினார்கள். அலெக்ஸாண்டர் வாசற்படியில் இருந்தான்.

"ஜெயனி, இது உனக்குச் சரிவரேல்லை எண்டு ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னனான்."

"எப்ப?"

"பழசு உடைஞ்ச அண்டைக்கு. சின்னதா, பாரமில்லாததா வேணும் எண்டு சொன்னனான். நீங்கள் தம்பியோட கதைச்சுக்கொண்டு வலை பொத்தினீங்கள்."

அவனுக்குத் தன் 'ம்' நினைவு வந்தது. ஆனாலும் கொஞ்சம் கோபமும் வந்தது.

"பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே? வாங்கிக்கொண்டு வந்த அண்டைக்கே சொல்லியிருந்தா மாத்தியிருக்கலாம்."

"நான் ஒண்டு கேக்கட்டோ? உங்கட வலையை நான் போய் வாங்கிக்கொண்டு வந்தா என்ன செய்வீங்கள்?"

"நீ எப்பிடி வாங்குவாய்? கண்ணி என்ன அளவு, நூல் என்ன தடிப்பெண்டு கையில பிடிச்சுப் பாக்காமல்..."

பாதியில் நின்றுவிட்டான்.

"கடலுக்குப் போறது நீங்கள். அதால வலையைப் பற்றி உங்களைத்தான் கேக்கவேணும். உங்களைக் கேக்காமல் ஊரெல்லாம் விசாரிச்சு, இருக்கிறதுக்குள்ள பெரிய கண்ணியா நான் வாங்கிக்கொண்டு வந்தா நண்டு நிக்குமே?"

அலெக்ஸாண்டர் நிலத்தைப் பார்த்தான்.

"நான் வாயைத் திறக்காததும் பிழைதான்," என்று ஜெயனி அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "சின்ன வயசிலயிருந்து ஒருத்தரும் என்னைக் கேட்டு எனக்கு ஒண்டும் வாங்கினதில்லை. சட்டைத்துணி ஐயா எடுப்பார். பள்ளிக்கூடப் பை மாமா வாங்குவார். எல்லாரும் அன்பாத்தான் தந்தவை. தந்ததை வாங்கிச் சிரிச்சுப் பழகிப் போச்சு. எங்கட வீட்டுச் சுவருக்கு நீலம் அடிச்சதும் நீங்கள் என்னைக் கேக்கேல்லை."

"உனக்கு என்ன நிறம் விருப்பம்?"

"இப்ப என்னத்துக்கு அது?"

"சொல்லன்."

"மஞ்சள். கடுமையா இல்லை, இளமஞ்சள்."

பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் தனக்கு அது தெரியாது என்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது. பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். அந்தத் தோளில்தான் எரிவு இருந்தது. மாற்றிப் போடவில்லை.

திங்கட்கிழமை இருவருமாக அகிலனின் கடைக்குப் போனார்கள். இந்த முறை ஜெயனி தன் பழைய தோள்பையை எடுத்து வந்திருந்தாள். கடிதக் கட்டும் அகராதியும் தண்ணீர்ப் போத்தலும் அதற்குள்ளேயே இருந்தன.

கொண்டுவந்த பெரிய மடிக்கணினியை அகிலன் புரட்டிப் பார்த்தான். பேசாலையில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஒருவர் இதே மாதிரி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிடலாம் என்றான். "அவருக்கு இது சோக்கான சாமான் அண்ணை. அவர் மேசையை விட்டு எழும்பாத ஆள்." பிறகு வெள்ளி நிறத்தில் மெல்லிய ஒன்றை எடுத்து அலெக்ஸாண்டருக்கு முன்னால் வைத்தான். "அப்ப இதைப் பாருங்கோ அண்ணை. புதுசா வந்தது."

"என்னட்டைக் காட்டாதேயும். அவவிட்டைக் காட்டும்," என்றான் அலெக்ஸாண்டர்.

ஜெயனி மூடியின் ஒரு மூலையை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாள். அது தகரம்போல வளைந்தது. "பஸ்ஸில ஒரு இடி வாங்கினா இது போயிடும் தம்பி," என்று திருப்பி வைத்தாள்.

மேல்தட்டில் ஓரமாக இருந்த சாம்பல் நிறமான சின்ன ஒன்றைத் தானே கேட்டாள். அகிலன் அதைத் தூசு தட்டி எடுத்தான். ஜெயனி மூலையை அழுத்தினாள், அசையவில்லை. ஒரு கையால் திறந்தாள். கீழ்ப்பாகம் கூட எழும்பாமல் மூடி மட்டும் திறந்தது. விசைப்பலகையின் நடுவில் பெருவிரலால் ஊன்றிப் பார்த்தாள். பள்ளம் விழவில்லை. சிங்கள எழுத்தையும் தமிழ் எழுத்தையும் மாற்றி மாற்றி நாலு வரி அடித்தாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வெளியே வெயிலில் போய் நின்று வாசித்தாள். அகிலன் பதறிப்போய்ப் பின்னால் ஓடினான்.

"பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பெட்டியில பதினாலு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு அக்கா."

"பெட்டியில போட்டதை விடும். நாள் முழுக்கக் கடிதம் அடிச்சா?"

அகிலன் தலையைச் சொறிந்தான். "எட்டு, ஒன்பது நிக்கும்."

"பழுதானா ஆர் திருத்துறது? பற்றரி மாத்தலாமோ?"

"மாத்தலாம். நானே மாத்தித் தருவன். இது கன காலமா வாற மொடல், சாமான் கிடைக்கும்."

சார்ஜரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்கியது. கடைசியாக அந்தச் சின்ன மடிக்கணினியைத் தன் பைக்குள் வைத்து, கடிதக் கட்டுக்கும் அகராதிக்கும் நடுவில் செருகி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசல்வரை நடந்து திரும்பி வந்தாள். இன்னொரு முறையும் நடந்தாள். அலெக்ஸாண்டருக்குச் சிரிப்பு வந்தது. தான் புது வலை வாங்குகிற நாளில் கடைக்காரனைப் படுத்துகிற பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"அக்கா, ஒண்டு சொல்லட்டோ? இது பாக்க எடுப்பில்லை," என்றான் அகிலன்.

"இதைக் காட்டிக்கொண்டு திரியவே தம்பி வாங்கிறன்? இது வேலைக்கு."

அகிலன் பழக்க தோஷத்தில் மறுபடி அலெக்ஸாண்டர் பக்கம் திரும்பினான். "என்ன அண்ணை, அப்ப இதுக்கே பில் போடட்டோ?"

"என்னை மட்டும் கேட்டுத்தான் போன முறை பிழையாப் போச்சு. பாவிக்கிறவ முன்னால நிக்கிறா. அவவைக் கேளும்."

அகிலன் கொஞ்சம் சங்கடப்பட்டான். பிறகு ஜெயனியைப் பார்த்துக் கேட்டான். "அக்கா, இதைப் போடட்டோ?"

"போடுங்கோ," என்றாள் ஜெயனி. அப்போது அவள் சிரித்ததைப் பார்த்தபோதுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையருகில் தான் கண்ட சிரிப்பு வேறு என்பது அலெக்ஸாண்டருக்கு விளங்கியது.

தலைமன்னார் வியாழக்கிழமைகள் மறுபடி தொடங்கின. சோளகம் அடங்கிப் படகுகள் கடலில் இறங்கிய நாட்களில் சிவலட்சுமிக்கு அடுத்த கடிதம் வந்தது. விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஓய்வூதியம் அடுத்த மாதம் முதல் வரும் என்று அதில் இருந்தது. ஜெயனி அதை வாசித்துச் சொன்னபோது, "இன்னொருக்கா வாசி பிள்ளை," என்று மூன்று தரம் கேட்டாராம் அந்த அம்மா.

சில நாட்களுக்குப் பிறகு ஒரு காலை, தாழ்வுபாட்டுக் கரையில் அலெக்ஸாண்டர் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். எருக்கலம்பிட்டியிலிருந்து நண்டு வாங்க வரும் இன்பாஸ் பெட்டியை நிரப்பிவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அலெக்ஸ் அண்ணே, ஷிஹானாவுக்கு ஒரு தையல் மெசின் வாங்கப் போறேன். வீட்டில தைச்சு விக்கிறவ, தெரியும்தானே. பெருநாளைக்கு முதல் சத்தமில்லாமக் கொண்டுபோய் வச்சு அவளை மலைக்க வைக்கணும். கரண்டில ஓடுற, பூவெல்லாம் போடுற பெரிய மெசின். எந்தக் கடை நல்லம்?"

"ஷிஹானாவைக் கேட்டனீரோ?"

"அவகிட்டயா? கேட்டா என்ன இருக்கு, எதைக் குடுத்தாலும் சந்தோசப்படுவா."

"சந்தோசப்படுவா. சிரிப்பா. என்ர மனுசியும் சிரிச்சவ," என்றான் அலெக்ஸாண்டர். கையிலிருந்த நண்டைக் கூடைக்குள் போட்டான். "நான் ஆசையா வாங்கிக் குடுத்ததை நாலு மாசம் சிரிச்சுக்கொண்டே சுமந்து தோள்மூட்டைப் பழுதாக்கினவ. ஒரு பாவப்பட்ட மனுசியின்ர பென்சனும் அதால போகப் பாத்தது. ஊரில எல்லாரையும் கேட்டனான் இன்பாஸ், அவவைத் தவிர. பொம்பிளையளுக்கு என்ன தெரியும் எண்ட நினைப்பு எங்களுக்குள்ள எங்கயோ ஒளிஞ்சு கிடக்கு. அதுக்கு நாங்கள் அன்பெண்டு பேர் வச்சிருக்கிறம். அன்பு இருந்தா மட்டும் காணாது. ஒரு ஆளுக்கு என்ன வேணும் எண்டு அந்த ஆளைக் கேக்கிறதுதான் மரியாதை. மரியாதை இல்லாத அன்பு சுமை."

இன்பாஸ் ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தான்.

"ஷிஹானா, நான்தான். உனக்கு ஒரு தையல் மெசின் வாங்கலாம்னு பாக்குறேன். எப்பிடியான மெசின் உனக்கு வேணும்?"

மறுமுனையில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இன்பாஸ் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். மறுபடி காதில் வைத்தான்.

"என்னையா கேக்கிறீங்க?" என்றாள் ஷிஹானா.

"ஓம். உன்னைத்தான் கேக்குறேன். நீதானே தைக்கிற."

அதற்குப் பிறகு இன்பாஸுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள். கறண்ட் அடிக்கடி நிற்பதால் காலால் மிதிக்கிற மெசின்தான் வேண்டும் என்றாள். தன் உயரத்துக்கு மேசை தாழ்வாக இருக்கவேண்டும் என்றாள். பூப் போடுகிறது ஒன்றும் தேவையில்லை, தடித்த துணி தைக்கவேண்டும் என்றாள். இத்தனை நாளும் எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொண்டு, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்ததுபோல இருந்தது அவள் பேச்சு. இன்பாஸ் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஐஸ் பெட்டியின் மூடியில் கரித்துண்டால் ஒவ்வொன்றையும் எழுதத் தொடங்கினான்.